உங்களுக்குத் தெரியுமா? அழுத்தினால் பூஜ்யம்!

வீடியோ கேம் கண்ட்ரோலரில் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு வோல்டேஜ் போகிறது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? தலைகீழ்! பெரும்பாலான போர்டுகளில், யாரும் தொடாதபோதுதான் அந்தப் பட்டனின் ஒயரில் வோல்டேஜ் நிற்கும். அழுத்தினீர்களா? பூஜ்யம்!

இந்த ஒரு ரகசியம் தெரிந்தால் போதும். பழைய கேம்பேடைப் பிரித்து, உள்ளே இருக்கும் போர்டை வெளியே எடுத்து, அதிலிருந்து ஒயர் இழுத்து, ஆர்கேட் கடைகளில் இருக்குமே அந்தப் பெரிய ஜாய்ஸ்டிக், அதையே வீட்டில் செய்துவிடலாம். இந்தக் கலைக்குப் பெயர் 'பேடு ஹேக்'! ஜப்பான், அமெரிக்கா என்று நாடு நாடாகச் செய்து பார்த்துவிட்டார்கள்.

அந்தப் போர்டுக்குக் கண் கிடையாது, காது கிடையாது. விரல் அழுத்தியதா, கட்டைவிரலா, சுத்தியலா, எதுவும் தெரியாது. 'இந்த ஒயர் கிரவுண்டை, அதாவது பூஜ்ய வோல்டேஜ் ஒயரைத் தொட்டதா, இல்லையா?' அது ஒன்றுதான் தெரியும். ஆகவே, தொடவைக்கிற எதுவும் பட்டன்தான்!

வாழைப்பழம்கூட! 2012இல் வந்த 'மேக்கி மேக்கி' என்ற குட்டிப் போர்டில் வாழைப்பழத்தை மாட்டினால் அது பியானோ கட்டையாகிவிடும். கிக்ஸ்டார்ட்டரில் அவர்கள் கேட்டது 25,000 டாலர். வந்து குவிந்தது 5,68,106 டாலர்!

பழத்தையே பட்டனாக்க அந்தப் போர்டு செய்த தந்திரம் என்ன? ஒவ்வொரு உள்ளீட்டிலும் 22 மெகா ஓம் மின்தடை. அதாவது 2 கோடியே 20 லட்சம் ஓம்!

சரி, ஜாய்ஸ்டிக்குக்கு வருவோம். ஒரு சண்டை கேமுக்கு எத்தனை ஸ்விட்ச் வேண்டும்? 4 திசை, 8 பட்டன், ஸ்டார்ட், செலக்ட், ஹோம். மொத்தம் 15. ஒவ்வொன்றுக்கும் 2 கால். அப்படியானால் போர்டுக்கு 30 ஒயர் போக வேண்டுமே? வேண்டாம்! எல்லா ஸ்விட்சின் ஒரு காலையும் மாலை கோத்த மாதிரி ஒரே கிரவுண்டு ஒயரில் கோத்துவிடுவார்கள். 30 வேண்டிய இடத்தில் 16தான்!

இன்னும் கேளுங்கள். அந்த 15 ஸ்விட்சின் கதையும் போர்டைத் தாண்டி யுஎஸ்பி கேபிளில் ஏறும்போது, செய்தி சுமக்கும் ஒயர்கள் எத்தனை? பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று. வெறும் 2! சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு மட்டும்.

ஆனால் எல்லாப் போர்டும் இப்படி இடம்கொடுக்காது. சிலவற்றில் பொதுக் கிரவுண்டே இருக்காது. கட்டம் கட்டமாக, வரிசை 4, நெடுக்கு 4 என்று பின்னியிருப்பார்கள். 8 ஒயரில் 16 பட்டன்! தயாரிப்பவருக்கு லாபம். ஹேக் செய்பவருக்குத் தலைவலி!

எந்தப் போர்டு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வையுங்கள். ஒரு முனை கிரவுண்டில். இன்னொரு முனையால் ஒவ்வொரு பட்டன் தடத்தின் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். எல்லாப் பட்டனிலும் ஏதாவது ஒரு பக்கம் 'பீப்' என்றால், உங்கள் கையில் இருப்பது தங்கம்!

அப்படிப்பட்ட தங்கங்களில் ஒன்று, 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் சாதாரண கேம்பேடு. கட்டைவிரலால் ஆட்டும் திருகுக் குச்சி கிடையாது, அதிர்வு கிடையாது. 14 பட்டன், பொதுக் கிரவுண்டு. ஜாய்ஸ்டிக் செய்பவர்கள் பழைய சாமான் கடைகளில் அதைத்தான் தேடித்தேடி எடுத்தார்கள்!

அதற்குப் பின் 2000இல் வந்த டூயல்ஷாக் 2 கேம்பேடு? விலை கூட, அந்தஸ்து கூட. ஹேக் செய்யப்போனால் பிடிவாதக்காரன்! ஏன் தெரியுமா? அதன் பெரும்பாலான பட்டன்கள் வெறும் ஸ்விட்ச் அல்ல. எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளக்கின்றன. ஒரே பட்டனில் 256 நிலை!

கேம்பேடைத் திறந்தால் ரப்பர் பட்டன்களுக்குக் கீழே கறுப்பாகச் சில வட்டங்கள் தெரியும். அது கார்பன். அதில் சால்டரிங் செய்து பாருங்கள்... ஒட்டவே ஒட்டாது! தாமரை இலைத் தண்ணீர்தான். கத்தியால் மெல்லச் சுரண்டி, கீழே இருக்கும் செம்பை எட்டிப் பிடித்தால்தான் ஈயம் உட்காரும்.

அந்தச் செம்பின் கனம் எவ்வளவு? சாதாரணப் போர்டுகளில் 35 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கி அதில் 35! கொஞ்சம் அழுத்திச் சுரண்டினாலும் தடமே போய்விடும்.

புகழ்பெற்ற சால்டரிங் கலவை ஒன்றில் 63 பங்கு தகரம், 37 பங்கு ஈயம். இந்தக் கலவை உருகும் வெப்பநிலை 183 டிகிரி செல்சியஸ். 60, 70 என்று வேறு விகிதங்கள் உண்டு. ஆனால் நடுவில் கூழாக நிற்காமல் 'டக்'கென்று ஒரே புள்ளியில் உருகி, ஒரே புள்ளியில் இறுகுவது இந்த 63க்கு 37தான்!

போர்டில் ஒட்டவைக்கும் ஒயர் எவ்வளவு மெல்லிசு தெரியுமா? பலரும் எடுப்பது 30ஆம் நம்பர் ஒயர். உள்ளே ஓடும் கம்பியின் குறுக்களவு 0.25 மில்லிமீட்டர்! இழுத்தால் போர்டின் தடத்தோடு பிய்ந்துகொண்டு வரும். அதனால் ஒவ்வொரு ஒட்டின் மேலும் ஒரு சொட்டு சூட்டுப் பசை வைப்பார்கள். கைவினைக் கடையில் பிளாஸ்டிக் பூ ஒட்டுவார்களே, அதே பசை!

கேம்பேடின் இரண்டு திருகுக் குச்சிகள் ஜாய்ஸ்டிக்குக்குத் தேவையில்லை. கழற்றிவிடலாமா? கழற்றிப் பாருங்கள், திரையில் உங்கள் ஆள் தானாகவே நடக்க ஆரம்பித்துவிடுவான்! போர்டுக்கு 'நடுவில் நிற்கிறேன்' என்ற செய்தி போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வோர் அச்சுக்கும் சம அளவில் 2 மின்தடை. 4 அச்சுக்கு 8. நெல்மணி அளவு மின்தடைகள் போர்டை ஏமாற்றிவிடுகின்றன!

துப்பாக்கி விசை மாதிரி பின்னால் இருக்கும் டிரிகர் இன்னும் விசித்திரம். சில போர்டுகளில் அது பட்டனே அல்ல, வால்யூம் திருகு மாதிரி. கிரவுண்டைத் தொட்டால் ஒரு போர்டில் 'அழுத்தியாயிற்று' என்று பொருள். இன்னொரு போர்டில் அதே கிரவுண்டுக்கு 'விட்டாயிற்று' என்று பொருள்! இரண்டாவது வகைக்கு ஒரு டிரான்சிஸ்டர் போட்டுத் தலைகீழாக்க வேண்டும்.

பட்டனுக்குள் 'டிக்' என்று சத்தம் போடுகிறதே மைக்ரோ ஸ்விட்ச், அதற்கு வயது என்ன? வீடியோ ஆர்கேடை விட மூத்தது, டிரான்சிஸ்டரை விடவும் மூத்தது! 1932இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஃப்ரீபோர்ட் ஊரில் பீட்டர் மெக்கால் கண்டுபிடித்தார். அப்போது அவர் வேலை பார்த்தது ஒரு பேட்டரி கம்பெனியில்!

அதே 'டிக்'கில் இன்னொரு ஆச்சரியம். நீங்கள் ஒரு தடவைதான் அழுத்துகிறீர்கள். உள்ளே உலோகத் தகடு தரையில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி சில மில்லிவிநாடிகள் துள்ளுகிறது! ஒரே அழுத்தலைப் பத்து என்று எண்ணிவிடாமல் சிப்தான் பொறுமையாகக் காத்திருந்து கணக்குப் பார்க்கிறது.

ஜப்பானிய ஜாய்ஸ்டிக் என்றால் சான்வா கம்பெனிதான். அதன் ஜேஎல்எஃப் லீவரின் அடியில் 4 மைக்ரோ ஸ்விட்ச். அதிலிருந்து வரும் ஒயர் 5. நான்கு திசைக்கு நான்கு, கிரவுண்டுக்கு ஒன்று. மேலே உருண்டைத் தலை, குறுக்களவு 35 மில்லிமீட்டர். எலுமிச்சம்பழம் அளவு!

பட்டன் பொருத்தும் துளை 30 மில்லிமீட்டர். ஸ்டார்ட் பட்டனுக்கு 24. திருகு வேண்டாம், மறை வேண்டாம். அழுத்தினால் 'சடக்'கென்று உட்கார்ந்துவிடும் வகையும் உண்டு!

கொரியாக்காரர்கள் தனி வழி. சான்வா லீவரை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங். கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம்! டெக்கன் என்ற சண்டை கேம் ஆடும் கைகள் அதற்காகவே உயிரை விடுகின்றன.

1980இல் வந்த பேக்மேனில் ஆட்டத்துக்கு எத்தனை பட்டன்? யோசிக்காதீர்கள். பூஜ்யம்! லீவர் மட்டும்தான். அதுவும் 4 திசை லீவர். குறுக்கே போகவே போகாது.

1987இல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் சண்டை கேம் வந்தபோது ஒரு வகை மெஷினில் 6 பட்டன் இல்லை. இரண்டே இரண்டு பெரிய மெத்தைப் பட்டன்! எவ்வளவு வேகமாகக் குத்துகிறீர்களோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். ஜனங்கள் மெஷினையே அடித்துத் துவைத்தார்கள். பின்னால் வந்ததுதான் இன்று உலகமே பின்பற்றும் 6 பட்டன் வரிசை!

இப்போது நான் தேடிக் கண்டெடுத்ததிலேயே பெரிய முத்து. வீட்டில் கண்ட்ரோலர் செய்வது புதுப் பழக்கமா? வீடியோ கேம் பிறந்த காலத்திலேயே அதுவும் பிறந்துவிட்டது! 1962. அமெரிக்காவின் எம்ஐடி. பிடிபி-1 கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' ஆட்டம். கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த ஸ்விட்சுகளைத் தட்டித்தட்டி ஆடியவர்களுக்கு முழங்கை வலித்தது. ஆலன் கோடக்கும் பாப் சாண்டர்ஸும் என்ன செய்தார்கள்? பொம்மை ரயில் சங்கத்தில் கிடந்த உதிரி சாமான்களைக் கொண்டுவந்து தனிப் பெட்டி செய்து ஒயர் இழுத்துவிட்டார்கள்!

அந்தக் கம்ப்யூட்டரின் விலை 1,20,000 டாலர். அதற்குக் கண்ட்ரோலர், ரயில் பொம்மைச் சாமான்!

அடாரியின் புகழ்பெற்ற சிஎக்ஸ்40 ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எத்தனை சிப்? ஒன்றுகூட இல்லை! 5 ஸ்விட்ச், 6 ஒயர், அவ்வளவுதான். அதன் 9 ஊசிப் பிளக் அப்படியே கொமடோர் 64 கம்ப்யூட்டருக்கும் பொருந்தியது, அமிகா கம்ப்யூட்டருக்கும் பொருந்தியது!

நின்டெண்டோவின் 8 பிட் கேம்பேடில் பட்டன் 8. செய்தி போகும் ஒயர் 1! உள்ளே 4021 என்ற 16 கால் சிப் உட்கார்ந்துகொண்டு, 8 பட்டனின் நிலையையும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது.

90களில் நம் ஊர் வீடுகளில் டிவியோடு மாட்டி ஆடினோமே 8 பிட் கேம் பெட்டி, நினைவிருக்கிறதா? அதில் பெரும்பாலானவை இந்த நின்டெண்டோ இயந்திரத்தின் நகல்கள்தான்! கேம்பேடைத் திறந்தால் சிப்புக்குப் பதில் கறுப்பாக ஒரு பொட்டு உறைந்திருக்கும். அந்தப் பொட்டுக்குள்தான் சிப்!

அடுத்து வந்த சூப்பர் நின்டெண்டோவில் 12 பட்டன். ஆனால் கேம்பேடு அனுப்பும் செய்தி 16. மீதி 4? வெற்று இடம்! மொத்தச் செய்தியும் போய்ச்சேர ஆகும் நேரம் சுமார் 0.2 மில்லிவிநாடி. ஒரு விநாடிக்கு 60 தடவை!

செகா மெகா டிரைவின் முதல் கேம்பேடில் பட்டன் 8, ஒயரில் செய்தித் தடம் 6. எப்படி? ஒரே ஒயரை இரண்டு பட்டன் முறைபோட்டுப் பயன்படுத்துகின்றன. 'இப்போது நீ பேசு, இப்போது அவன் பேசட்டும்' என்று சொல்வதற்கென்றே ஒரு தனி ஒயர்!

ஆர்கேட் கம்பெனிகளோ 1985இல் ஒரே முடிவு எடுத்தன. எந்தக் கம்பெனியின் கேம் போர்டும் எந்த மெஷினிலும் மாட்டும்படி ஒரே வகை இணைப்பு. பெயர் ஜாமா. தொடுமுனைகள் 56! காசு போடும் உண்டியலின் ஒயர்கூட அதில் அடக்கம்.

அந்த 56 முனையை வீட்டு டிவிக்கும் வீட்டுக் கேம்பேடுக்கும் இணைக்க ஒரு பெட்டி உண்டு. பெயரைக் கேளுங்கள்: 'சூப்பர்கன்'! ஆர்கேட் கடையே வேண்டாம், அலமாரி உயர மெஷின் உங்கள் மேசை மேல்!

1997 பிப்ரவரி 5. 'மேம்' வெளியான நாள். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவைத்த மென்பொருள் இது. உடனே என்ன ஆயிற்று? ஜாய்ஸ்டிக் ஆசையில் கீபோர்டுகளைப் பிரித்து ஒயர் இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்! 104 பட்டன் இருந்தும் ஒரு சிக்கல். கீபோர்டும் கட்டம் கட்டமாகப் பின்னியதுதான். இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது சில பட்டன்கள் ஒன்றையொன்று விழுங்கிவிடும்!

கால் பட்டன் தெரியுமா? 1998இல் கொனாமியின் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' வந்ததும், மரப்பலகையும் தகரத் தகடும் வைத்து நடன மேடையை வீட்டிலேயே செய்தார்கள். அடியில் இருந்த மூளை எது? பிரித்தெடுத்த கேம்பேடு போர்டுதான்! மிதித்தால் தகடு தகட்டைத் தொடும். பட்டன் அழுத்தியாயிற்று!

கேம் பெட்டிகள் எல்லாம் இப்படி எல்லோரையும் உள்ளே விடுமா? விடாது! எக்ஸ்பாக்ஸ் 360, போர்டிலேயே பாதுகாப்புச் சிப் இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் கதவடைப்பு. அதனால்தான் அசல் போர்டைப் பிரித்தெடுத்து ஜாய்ஸ்டிக்குக்குள் வைப்பதே வழியாயிற்று.

பிளேஸ்டேஷன் 4 இன்னும் தந்திரக்காரன். அங்கீகாரம் இல்லாத கண்ட்ரோலரை முதலில் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளும். ஆடுவீர்கள். ஜெயிப்பீர்கள். சுமார் 8 நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்!

விட்டார்களா நம் ஆட்கள்? ஒரே ஜாய்ஸ்டிக்குக்குள் இரண்டு கம்பெனிப் போர்டு! ஒரே பட்டனிலிருந்து இரண்டுக்கும் ஒயர். எந்தப் பெட்டியில் மாட்டுகிறோமோ அந்தப் போர்டு பேசும். இதில் ஒரு விதி. இரண்டு போர்டுக்கும் கரண்டு போக வேண்டும். ஒன்றைப் பட்டினி போட்டால் அது மற்றதன் வோல்டேஜை உறிஞ்சி, யாரும் அழுத்தாத பட்டனை எல்லாம் 'அழுத்தியாயிற்று' என்று காட்டவைக்கும். பட்டினிப் போர்டு பேயாகிவிடும்!

இன்று? 2021 ஜனவரியில் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ என்ற குட்டிப் போர்டு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. நீளம் 51 மில்லிமீட்டர், அகலம் 21. பட்டன் மாட்ட 26 முனை. வந்தபோது விலை 4 டாலர்!

அதன் சிப் வேகம் 133 மெகாஹெர்ட்ஸ். 8 பிட் நின்டெண்டோவின் முழு மூளையும் ஓடிய வேகம் 1.79. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கே நம்ப முடியவில்லை. ஜாய்ஸ்டிக்குக்குள் சும்மா பட்டன் எண்ணிக்கொண்டிருக்கும் சிப், அன்றைய கேம் பெட்டியை விட 74 மடங்கு வேகம்! நினைவகம் 132 மடங்கு!

அதில் இலவச மென்பொருளை ஏற்றினால் விநாடிக்கு 1,000 தடவை கம்ப்யூட்டரிடம் சேதி சொல்லும். சாதாரணத் திரை மாறுவதோ விநாடிக்கு 60 தடவைதான்!

இடது, வலது இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்? லீவரில் முடியாது, ஒரு குச்சி இரண்டு பக்கம் சாயாது. ஆனால் லீவரே இல்லாமல் பட்டன் மட்டும் வைத்த ஜாய்ஸ்டிக்கில் முடியும்! அதற்குப் போட்டிகளில் சட்டமே எழுதினார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆட்டத்தைச் செய்த கேப்காம் கம்பெனியின் விதிப்படி இடதும் வலதும் சேர்ந்தால் விடை... நடு! ஆள் அசையவே மாட்டான்.

2019இல் ஜப்பானின் டைகோ உமெஹாரா அப்படி ஒரு பட்டன் பெட்டியோடு வந்தார். உலகமே கொண்டாடும் ஆட்டக்காரர். கேப்காம் என்ன செய்தது? பெட்டிக்குத் தடை!

அதே டைகோ, 2004இல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டி. எதிரே ஜஸ்டின் வாங். திரையில் டைகோவின் ஆளுக்கு உயிர் நூலிழையில். ஓர் அடியைத் தடுத்தாலே செத்துவிடுவான், அவ்வளவு குறைவு. எதிராளி தொடுத்தது 15 அடி. ஒவ்வோர் அடியையும் தட்டிவிட டைகோ லீவரை முன்னால் ஒரு தட்டு தட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. 15க்கு 15! திருப்பி அடித்து அந்தச் சுற்றையே ஜெயித்தார்.

ஜாய்ஸ்டிக் விளையாட்டுச் சாமான் மட்டும்தான் என்கிறீர்களா? 1989இல் நின்டெண்டோ கையே வேண்டாத கண்ட்ரோலர் ஒன்றை விற்றது. மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். திசைக்குத் தாடை. பட்டனுக்கு ஒரு குழாய். உறிஞ்சினால் ஒரு பட்டன், ஊதினால் இன்னொரு பட்டன்!

பேடு ஹேக் செய்தவர்கள் வெறும் சண்டை கேம் பிரியர்கள் மட்டுமல்ல. ஒரு கை மட்டுமே உள்ள குழந்தைக்கு, விரல் மடங்காத நண்பனுக்கு என்று பட்டனை இடம் மாற்றிக் கொடுத்தவர்களும் இதே சால்டரிங், இதே சூட்டுப் பசையோடு உட்கார்ந்தவர்கள்தான். காலால் அழுத்த வேண்டுமா? ஒயரைக் கீழே இழு. முழங்கையா? பெரிய பட்டன் போடு. போர்டுக்குத்தான் எதுவும் வித்தியாசம் தெரியாதே!

2018இல் மைக்ரோசாஃப்ட் இதையே கடைச் சரக்காக்கியது. எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர். முதுகில் வரிசையாக 3.5 மில்லிமீட்டர் துளை. இயர்போன் மாட்டுவோமே, அதே அளவு! எத்தனை துளை? 19! ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்விட்ச் மாட்டலாம். வந்தபோது விலை 99.99 டாலர்.

அது வரும் அட்டைப்பெட்டியையே பல்லால் கடித்துப் பிரிக்கத் தேவையில்லாதபடி செய்தார்கள். கயிறு வளையத்தில் ஒரு கையை விட்டு இழுத்தால் திறந்துகொள்ளும்!

2023 டிசம்பரில் சோனியும் இறங்கியது. பிளேஸ்டேஷன் 5க்கான ஆக்சஸ் கண்ட்ரோலர். அதில் துளை 4!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேம்பேடு ஒன்று கிடக்கிறதா? ரப்பர் தேய்ந்திருக்கும், பட்டன் உடைந்திருக்கும். போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, இன்றைக்கே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்!